கங்கையம்மாளுக்கு வயது 2005

1

இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல. தங்கை மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கக் காஞ்சிபுரம் போயிருந்தோம். வீட்டுப் பெண்கள் ஒரே அரக்கு நிறத்தில் ஆறு வகை இருப்பதாக வாதாடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒரு ஸ்டூல் கிடைத்தது. பக்கத்து ஸ்டூலில் கடையின் கம்ப்யூட்டரைச் சரிபார்க்க வந்த சங்கீதா, கரண்டுக்காகக் காத்திருந்தார். சும்மா இருக்க முடியாமல் ஏதோ கேட்டேன். அவர் சொன்னதுதான் இது.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

[சங்கீதாவுக்கு அவசரமாக ஒரு டிரைவர் தேவைப்பட்டது. சரியான டிரைவரைத் தேர்ந்தெடுப்பது என்பது வாழ்க்கைத் துணையைத்]

வேண்டாம். இப்படித் தொடங்கும் கதையை நானே மூடி வைத்துவிடுவேன்.

2

நேராகவே சொல்கிறேன். 2005. சங்கீதாவுக்கு இருபத்துநான்கு வயது. அதே காஞ்சிபுரத்தின் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் சங்க அலுவலகத்தில் கம்ப்யூட்டர் தெரிந்த ஒரே ஆள். செயலாளர் பஞ்சாட்சரம். நல்ல மனிதர், சட்டதிட்டம் என்றால் உயிர்.

வெளியூர்க் கண் மருத்துவமனை ஒன்று இலவசமாகக் கண்புரை ஆபரேஷன் செய்ய முன்வந்தது. ஐம்பது வயது தாண்டிய உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் பெயர், தெரு, வயது அச்சடித்த சீட்டு வேண்டும். அதில் செயலாளர் கையெழுத்து வேண்டும். அறுபது தாண்டியவர்களுக்கு வரும் சனிக்கிழமையே பஸ். மற்றவர்களுக்கு ஆறு மாதம் கழித்து.

விவரமெல்லாம் டேட்டாபேஸில் ஏற்கெனவே இருந்தது. அதை எடுத்துச் சீட்டாக்க ஸ்கிரிப்ட் என்ற சின்ன நிரல் ஒன்று எழுதினால் போதும் என்று சங்கீதா நினைத்தார். ஆனால் ஸ்கிரிப்டும் டேட்டாபேஸும் நேரடியாகப் பேசிக்கொள்ளாது. இது கேட்பதை அதனிடம் கொண்டுபோய், அது தருவதை வாங்கிவர நடுவில் ஒரு சின்ன மென்பொருள் வேண்டும். அதன் பெயர்தான் டிரைவர்.

"சார், ஒரு டிரைவர் போடணும்."

"நம்மகிட்ட வேனே இல்லியேமா?" என்றார் பஞ்சாட்சரம்.

(இந்த இடத்தில் சிரிக்காத வாசகர் மேலே படிக்கலாம். சிரித்தவரும் படிக்கலாம்.)

3

இரண்டு டிரைவர்கள் கிடைத்தன.* இரண்டையும் இறக்கிப் போட்டுப் பார்த்தார்.

முதல் டிரைவர் மின்னல் வேகம். கண்ணிமைப்பதற்குள் இருநூற்று இருபத்துமூன்று பேரையும் கொண்டுவந்து கொட்டியது. ஆனால் அதற்குத் தமிழ் ஆகவில்லை. ஒவ்வொரு எழுத்தும் கேள்விக்குறி. பெயரும் ?????, தெருவும் ?????.

இரண்டாவது நிதானம். பெயர்கள் முத்து முத்தாக வந்தன, ஒற்றெழுத்தின் புள்ளிகூடத் தப்பவில்லை. சங்கீதா எழுந்து நின்றே கைதட்டிவிட்டார். பிறகு எண்ணினார். இருநூற்றுப் பன்னிரண்டு. மறுபடி எண்ணினார். அதே பன்னிரண்டு. பதினொரு பேரைக் காணவில்லை.

* மூன்றாவது ஒன்றும் இருந்ததாம். கடைசிவரை இன்ஸ்டாலே ஆகவில்லை. எனவே அதற்குக் கதையிலும் இடம் இல்லை.

4

காணாமல் போனவர்களில் ஒருவர் மறுநாள் காலை நேரிலேயே வந்துவிட்டார். சங்கீதாவின் எதிர்வீட்டுக் கங்கையம்மாள். கணவர் இறந்த பிறகு தனியாகத் தறி போட்டு நெய்துவருகிறவர்.

"என்னாமா, எல்லாருக்கும் சீட்டு தயாராவுதாம். எனக்கு மட்டும் இல்லியாமே? எனக்கு என்ன கண்ணு நல்லா தெரியுதுன்னு யாராச்சும் சொன்னாங்களா? போன புடவையில நூலு விட்டுப்போனத இவரே புடிச்சாரு, கேளு." பஞ்சாட்சரத்தைக் கைகாட்டினார்.

சங்கீதா அவருடைய விவரத்தைத் தேடி எடுத்தார். பிறந்த தேதி என்ற இடத்தில் 0000-00-00. மற்றப் பத்துப் பேருக்கும் அப்படியே. பிறந்த நாள் தெரியாதவர்களுக்கு யாரோ பூஜ்யம் போட்டு வைத்திருந்தார்கள். அப்படியொரு தேதியை இரண்டாவது டிரைவரால் ஜீரணிக்க முடியவில்லை. சத்தம் போடாமல் ஆளையே விட்டுவிட்டு வந்திருக்கிறது.

"பதினோரு பேருதானே? அடுத்த முகாம்ல பாத்துக்கலாம்" என்றார் பஞ்சாட்சரம்.

"சார், தேதி தெரியாதவங்கதான் சார் இருக்கறதுலயே வயசானவங்க."

அன்று முழுக்க உட்கார்ந்து ஒரு வழி கண்டுபிடித்தார். இரண்டாவது டிரைவரையே வைத்துக்கொண்டு, தேதியைத் தேதியாகக் கேட்காமல் வெறும் எழுத்தாகக் கேட்பது. அதில் தடுக்கி விழ டிரைவருக்கு ஒன்றுமில்லை. பதினொரு பேரும் வந்துவிட்டார்கள், தமிழோடு. ஸ்கிரிப்ட் கடமை தவறாமல் நடப்பு ஆண்டிலிருந்து பிறந்த ஆண்டைக் கழித்தது.

கங்கையம்மாள், வயது 2005.

இந்த ஊர்க் கோயில்களில்கூட அத்தனை வயதுக்குச் சிலைகளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

5

"நெஜத்த சொல்லு பெரிம்மா. வயசு என்ன?" சங்கீதா சாயங்காலம் எதிர்வீட்டுக்கே போய்க் கேட்டார்.

கங்கையம்மாள் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "எதுக்குக் கேக்கறே? கண்ணுக்கா, பாவுக்கா?"

பாவு என்றால் தறியில் ஏற்றும் நீள நூல். சங்கம் கொடுத்தால்தான் அடுத்த புடவை. அறுபது தாண்டியவர்களுக்குப் புதுப் பாவு கிடையாது என்பது சங்க விதி. பூஜ்யத்துக்கு அறுபது ஆவதே இல்லை என்பதால் அவருக்குப் பாவு வந்துகொண்டே இருந்திருக்கிறது.

"கண்ணுக்கு."

"அறுவத்திநாலு."

"பாவுக்கு?"

"அம்பத்தெட்டு."

[ஒரு பெண் இவ்வளவு கச்சிதமாகப் பேசுவாரா என்று எனக்குச் சந்தேகம். ஒரு வரைவில் இவரை அழவைத்துப் பார்த்தேன். "அவங்க அழுததே இல்ல சார்" என்று சங்கீதா ஃபோனிலேயே திட்டினார். பழையபடி வைத்துவிட்டேன்.]

சங்கீதா சீட்டில் மட்டும் 64 என்று அடித்தார். டேட்டாபேஸைத் தொடவில்லை. மற்றப் பத்து வீடுகளுக்கும் நடந்து போய்க் கேட்டு வந்தார். வெள்ளிக்கிழமை எல்லாச் சீட்டுகளையும் செயலாளர் மேஜைமேல் வைத்தார்.

பஞ்சாட்சரம் சளைக்காமல் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்து, ஒரு சீட்டில் நின்றார்.

"இந்தம்மா போன மாசம்தானே பாவு வாங்கினாங்க?"

"ஆமா சார்."

"அறுவத்திநாலா?"

"சீட்டுல அறுவத்திநாலு சார்."

"கம்ப்யூட்டர்ல?"

"கம்ப்யூட்டர்ல இன்னும் பொறக்கவே இல்ல சார்."

பஞ்சாட்சரம் சிரிக்கவில்லை. பேனாவை மூடினார், திறந்தார், கையெழுத்துப் போட்டார். "பஸ்ஸுல போய் வரட்டும். திங்கக்கெழம வந்து அந்தப் பதினோரு பேருக்கும் தேதி ஏத்திடு. விதின்னு ஒண்ணு இருக்குது இல்ல?"

6

சனிக்கிழமை ஆபரேஷன் நடந்தது. திங்கள் காலை கங்கையம்மாள் கறுப்புக் கண்ணாடியோடு அலுவலகத்துக்கே வந்து, சங்கீதாவின் துப்பட்டா ஓரத்தைப் பிடித்துப் பார்த்து, "இது பட்டு இல்லியே, என்னா கலப்படம்?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவ்வளவு தெளிவாகத் தெரிகிறது.

சங்கீதா கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். டிரைவரில் இப்போது ஒரு குறையும் இல்லை. எதை அடித்தாலும் அப்படியே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும், ஏன் என்று கேட்காது.

இதற்கு மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் சங்கீதா நேர்மையாக இருந்தார்; தறி நின்றது. என் மனைவி படித்துவிட்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இன்னொன்றில் பொய் அடித்தார். என் நண்பர், ஓய்வுபெற்ற தணிக்கையாளர், பேசவில்லை. மூன்றாவதில் பஞ்சாட்சரம் விதியையே மாற்றினார். அதை நானே நம்பவில்லை.

நடந்தது எனக்குத் தெரியும். சங்கீதா சொல்லியிருக்கிறார். ஆனால் அவர் அன்று அந்த நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தார். நீங்களும் நானும் மட்டும் தப்பித்துக்கொள்வது நியாயமில்லை. எழுந்து உங்களுக்கு இடம் விடுகிறேன். 41 என்றால் உண்மை. 47 என்றால் அடுத்த புடவை. பின்னால் பஞ்சாட்சரம் காத்துக்கொண்டிருக்கிறார். முதல் இரண்டு இலக்கங்களை நான் அடித்துவிட்டேன்.

பிறந்த ஆண்டு: 19