மணி அடித்த பிறகும் ஜெபித்தவர்

1

இது கதையாகத் தொடங்கவில்லை. தென்கொரியாவில் எங்கள் சோக்சோ ஊர்ச் சபையின் ஆண்டு மலருக்கு, போன வசந்தத்தில் இறந்துபோன என் கணவரைப் பற்றி ஒரு குறிப்பு கேட்டார் போதகர். உட்கார்ந்தேன்.

'மறைந்த மூப்பர் ஜூ டோங்பில் சாந்தமே உருவானவர், யாரிடமும்—'

(பொய். மலரைச் சபை முழுக்கப் படிக்கும். அடித்துவிட்டேன்.)

'பதினேழு வயதில் போருக்குத் தப்பி, வடக்கே ஹம்ஹுங்கில் தாயை விட்டுவிட்டுக் கப்பலேறி—'

(உண்மை. ஆனால் எங்கள் சபையில் முக்கால்வாசிப் பேர் வடக்கில் யாரையாவது விட்டுவிட்டு வந்தவர்கள்தான். இதை எழுதினால் செத்தது யார் என்று குழப்பம் வரும்.)

இனி உள்ளது உள்ளபடி. என் கணவர் முப்பது ஆண்டுகள் நாடு ஒன்றாகவேண்டும் என்று ஜெபித்தார். அதில் கடைசிப் பதினோரு ஆண்டுகள் மூப்பர் தாக் யுன்சொப்போடு பேசவில்லை.

2

காரணம், நூடுல்ஸ்.

சிரிக்காதீர்கள். மாதத்தின் முதல் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபையில் குளிர் நூடுல்ஸ் போடுவோம். என் கணவர் ஹம்ஹுங்காரர்: காரம் பிசைந்து, மென்றுகொண்டே இருக்கவேண்டும். தாக் பியோங்யாங்காரர்: தெளிந்த சாறு, ருசி தேடித்தான் கண்டுபிடிக்கவேண்டும். இவர் அதைப் பாத்திரம் கழுவிய தண்ணீர் என்றார். அவர் இதை சைக்கிள் டியூப் என்றார். அடுத்த ஞாயிறு ஹம்ஹுங்காரர்கள் இடப்பக்கம், பியோங்யாங்காரர்கள் வலப்பக்கம். நாட்டை இரண்டாக்கப் பெரிய வல்லரசுகள் தேவைப்பட்டன. சபையை நாங்களே இரண்டாக்கிக்கொண்டோம்.

(தாக்கை வில்லனாக்கலாமா என்று ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். வரவில்லை. எங்கள் வீட்டுக் கூரை ஒழுகியபோது ஏறி அடைத்தவர் அவர்.)

3

இவர் நுரையீரல் வசந்தம்வரைதான் தாங்கும் என்று மருத்துவர் சொன்னதும் எனக்கு ஒரே ஒரு ஆசைதான். போவதற்குள் இவர் தாக்கோடு ஒரு வார்த்தை பேசிவிடவேண்டும். இவரிடம் சொன்னேன். முதலில் அவன் சாற்றில் உப்புப் போடட்டும் என்றார். தாக்கிடம் போய் நின்றேன்.

"அண்ணன் மொதல்ல நாட்ட ஒண்ணாக்கட்டும் அண்ணி. நான் பின்னாடியே வர்றேன்."

4

மார்ச் மாத ஞாயிறு ஒன்றில், மக்கள் கூட்டத்தைப் பார்த்து இயேசு மனதுருகியதைப் பற்றிப் போதகர் பேசினார். வயிற்றைப் பிசைகிற இரக்கமாம் அது. எங்களைப் பார்த்தால் அவருக்குச் சிரிப்பும் வந்திருக்குமே என்று நினைத்துக்கொண்டேன். பிறகு எல்லோரும் ஒன்றாகக் குரலெடுத்து ஜெபித்தோம். இருநூறு பேர், ஒரே நேரத்தில், அவரவர் பாட்டை உரக்க. பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காது. கேட்கவேண்டியவருக்குக் கேட்கும் என்பது நம்பிக்கை.* போதகர் மணி அடித்தால் நிறுத்தவேண்டும்.

மணி அடித்தது. நூற்றுத் தொண்ணூற்றொன்பது பேர் நிறுத்தினோம்.

என் கணவருக்குக் காது மந்தம். கடவுளோடு பேச எதற்கு என்று கருவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டிருந்தார்.

"…அந்தத் தாக் பயலுக்கு நாக்கு செத்துப்போச்சு ஆண்டவரே, அத நீரே பாத்துக்கும். ஆனா அவன் தங்கச்சி குமோக். அவள ஒம்பது வயசுல விட்டுட்டு வந்தான். இப்ப அறுபத்திநாலு இருக்கும். நேத்தும் சொன்னேன், முந்தாநேத்தும் சொன்னேன். உயிரோட வச்சிரும். குளிருக்கு அடுப்புல ஏதாவது எரியணும். மறந்துராதேயும்."

* இருநூறு பேர் கத்துவதை ஒரேயடியாகக் கேட்டு ஒருவர் எப்படித் தாங்குகிறார் என்று எனக்கு இன்றும் புரியவில்லை. எனக்கு இரண்டு பேரையே தாங்க முடியவில்லை.

5

முடிவு ஒன்று: தாக் ஓடிவந்து இவரைக் கட்டிக்கொண்டு அழுதார். (தொலைக்காட்சித் தொடர். வேண்டாம்.)

முடிவு இரண்டு: அன்று மாலையே பெரிய கிண்ணத்தில் பியோங்யாங் நூடுல்ஸோடு எங்கள் வீட்டுக்கு வந்து, இவர் திட்டிக்கொண்டே முழுவதும்— (இவருக்கு அப்போது இரண்டு கரண்டிக் கஞ்சி இறங்கினால் பெரிது.)

நடந்தது இது. தாக் எழுந்தார். நடுப்பாதையைக் கடந்து எங்கள் பெஞ்சருகே வந்து நின்றார். இவர் ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தார்.

"இவன் எதுக்கு இங்க நிக்கிறான்?"

உண்மையை நான் சொல்லியிருக்கலாம். சபையே கேட்டுவிட்டது என்று தெரிந்தால் இந்த மனிதர் வெட்கத்திலேயே அன்றைக்கே செத்துப்போவார் என்று பயந்தேன். காதருகே கத்தினேன்:

"மூக்குக்கண்ணாடியக் காணோமாம். தேடுறாரு."

கண்ணாடி தாக்கின் மூக்கின்மேல் இருந்தது.

தாக் என்னைப் பார்த்தார். மெல்ல மண்டியிட்டு எங்கள் பெஞ்சுக்கு அடியில் துழாவத் தொடங்கினார்.

இவருக்குப் போனது காது மட்டும்தான்; கண் நல்ல கண். தாக்கின் முகத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, இருமிக்கொண்டு, தானும் கீழே இறங்கினார்.

"அந்தப் பக்கம் பாத்தியாடா?"

"இல்லண்ணே. இன்னும் பாக்கல."

பத்தொன்பது நாளில் போய்விட்டார். தெரிந்துதான் தேடினாரா என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவர்கள் எழுந்ததை எழுத எனக்கு மனமில்லை. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அவசரம் வேண்டாம். இருவருக்கும் வயதாகிவிட்டது, எழுந்திருக்க நேரமாகும்.