பாதியில் நின்ற அப்டேட்

ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரம் சொட்ட வருகிறேன், என் கொழுந்தன் பாண்டிராஜ் மடியில் அந்த ஸ்மார்ட் வாட்ச் செத்துக் கிடக்கிறது. பட்டனை அழுத்தினால் லோகோ மட்டும் வந்து வந்து போகிறது. எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது.

அது ஆடம்பரத்துக்கு வாங்கிய வாட்ச் இல்லை. இரண்டு வாரத்துக்கு முன்னால், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே என் வீட்டுக்காரர் சுடலைக்கண்ணு கண் இருட்டித் தட்டின்மேல் சரிந்தார். ஒரு வாரம் இதைக் கட்டிவிட்டு, இதயத்துடிப்புப் பதிவோடு திங்கட்கிழமை வரச் சொன்னார் டாக்டர். நாளைக்குத் திங்கட்கிழமை.

தென்காசியில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறவள் நான். வருகிறவர்களிடமெல்லாம் தொண்டை வற்றச் சொல்கிறேன்: அப்டேட் போடுமுன் பதிவுகளை எடுத்து வையுங்கள், சார்ஜ் பாதிக்கு மேல் இருக்கட்டும், முடியும்வரை போனை வாட்ச் பக்கத்திலிருந்து நகர்த்தாதீர்கள். வீட்டிலும் சொல்லியிருக்கிறேன்.

"ஏலே, பேரு பெத்த போலீஸ்காரன்! சளி பிடிச்சிருக்குன்னு உன்னைச் சாமானுக்குக் காவல் வச்சா, வாட்சை நோண்டியா வச்சிருக்கே?"

"என்னை ஏன் மதினி ஏசுதிய? அண்ணன்தான் அப்டேட் போட்டாவ. பாதி ஓடும்போதே போனைத் தூக்கிட்டு பஜ்ஜிக் கடைக்குப் போயிட்டாவ."

பஜ்ஜிப் பொட்டலத்தோடு வந்தவரிடமிருந்து போனைப் பிடுங்கினேன். வாட்ச் போனால் போகட்டும், பதிவு போனில் இருக்குமே என்று திறந்தால், ஒரு வாரமும் காலி.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்டேட் பாதியில் நின்றால் வாட்ச்தான் கெடும். போனில் இருப்பது தானாக அழியாது.

"நீங்க அழிச்சியளா?"

மனிதர் பஜ்ஜிப் பொட்டலத்தைப் பிரிக்கிறார்.

"உங்களைத்தான் கேக்கேன்!"

"ஆமா, அழிச்சேன். அதைப் பாத்தா டாக்டர் வண்டி ஓட்டக் கூடாதுன்னு சொல்லிருவாரு. பொறவு நான் என்னத்துக்கு ஆவேன்?"

அவர் ஓட்டுவது பள்ளிக்கூட வேன். கடையநல்லூரிலிருந்து பதினெட்டுப் பிள்ளைகள். நான் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் காதில் வாங்கியிருக்கிறார், தலைகீழாகச் செய்வதற்கு!

"தட்டு மேல விழுந்தீய, நான் பிடிச்சேன். ஸ்டியரிங் மேல விழுந்தா ஆரு பிடிப்பா? உங்க சீட்டுக்குப் பின்னால நம்ம கடையில வேலை பாக்குத ஆசியா மக உக்காந்திருக்கும். எல்கேஜி பிள்ளை!"

"ஒண்ணும் ஆவாது, சித்ரா."

அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். துடித்தது, துடித்தது, நின்றது. மறுபடி துடித்தது. கோபத்தோடு அழுகையும் முட்டிக்கொண்டு வந்தது. அவரும் என் முகத்தைப் பார்த்துவிட்டார்.

சாமான் குவியலிலிருந்து வேன் சாவியை எடுத்துப் பாண்டிராஜ் கையில் திணித்தேன்.

"வண்டியை நீ எடு. நாளைக்குப் பிள்ளையளுக்கு வேற டிரைவர். அழிச்ச கதையை டாக்டர்ட்ட இவுக வாயாலேயே சொல்லட்டும்."

வேனில் அவர் டிரைவருக்குப் பின்சீட்டில் ஏறினார். ஆசியா மகள் உட்காருகிற இடம். குட்டி சீட்டில் முழங்கால் இடித்தது. முன்னால் இருந்த கம்பியை, தென்காசி வரும்வரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தார்.