திருநாள் ரொட்டியில் ஒரே ஒரு பாதாம்

பேக்கரிக்காரர் வீட்டில் புனிதர் திருநாளன்று ஒரே சட்டம்தான் செல்லும். காலைப் பூசை முடிந்து வந்ததும் திருநாள் ரொட்டியைப் பிட்டுச் சாப்பிட வேண்டும். யார் துண்டில் பாதாம் இருக்கிறதோ, அவர் கேட்பதை அன்றைக்கு அப்பா மறுக்கக் கூடாது. போன வருஷம் அம்மாவுக்குக் கிடைத்தது, புது மிக்ஸி வந்தது. அதற்கு முந்தின வருஷம் அப்பாவுக்கே கிடைத்துவிட, மனுஷர் தன்னிடம் தானே லீவு கேட்டு வாங்கிக்கொண்டு குறட்டை விட்டுத் தூங்கினார்.

இந்த வருஷம் அப்படி விளையாட்டில்லை. தம்பிக்கு எதிர்க்கடைக்காரர் மகள்மேல் காதல். எதிர்க்கடையும் பேக்கரி! இரண்டு கடைக்காரர்களும் வருஷக்கணக்காக ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை. "அந்த வீட்டுச் சம்பந்தம் என் உசுரு இருக்கிற வரைக்கும் கிடையாது" என்று அப்பா ஒரே போடாகப் போட்டுவிட்டார். தம்பி மட்டும் சளைத்தவனா? திருநாள் முடிந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன் என்று அக்காவிடம் ரகசியமாகச் சொல்லியிருந்தான். பாவம், அதைக் கேட்டதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த ரொட்டிக்கு ஒரு முறை உண்டு. உலர்திராட்சையும் ஆரஞ்சுத் தோலும் சேர்த்துப் பிசைந்த மாவை அப்பா ஐந்து உருண்டையாக்குவார். ஒன்றுக்குள் பாதாமைப் புதைத்து, கண்ணை மூடிக்கொண்டு உருண்டைகளை இடம் மாற்றி, பூ மாதிரி ஒட்டி வைப்பார். சிலுவை கீறிய இதழ் புனிதருக்கு. பசியோடு முதலில் வாசலுக்கு வருபவருக்கு அதைக் கொடுப்பார்கள். அடுத்தடுத்து அப்பா, அம்மா, அக்கா. கடைசி இதழ் தம்பிக்கு.

அப்பா குளிக்கப் போன சமயம் பார்த்து, அக்கா மாவை மூடியிருந்த துணியை விலக்கி, கடைசி இதழுக்கு அடியில் ஒரு பாதாமை அழுத்தி மூடினாள். ரொட்டியில் இரண்டு பாதாம் தென்பட்டால் குட்டு உடைந்துவிடும். அப்பா வைத்தது புனிதரின் இதழிலேயே இருக்கட்டும் என்று அந்தப் புனிதரையே கெஞ்சினாள். திருட்டுக்குக் கூட்டாளி பிடித்த அழகைப் பாருங்கள்!

பூசை முடிந்தது. மெழுகுவர்த்தி ஏற்றி, அப்பா ரொட்டியைப் பிட்டுக் கொடுத்தார். அவர் துண்டில் ஒன்றுமில்லை. அம்மாவுக்கும் இல்லை, அக்காவுக்கும் இல்லை. தம்பி கடித்தான். பாதாம்! அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

தம்பி மறுபடி கடித்து, இரண்டாவது பாதாமை எடுத்துத் தட்டில் வைத்தான். அக்காவுக்கு வேர்த்துக் கொட்டியது. மூன்றாவதும் வந்தது. அம்மா மும்முரமாக மெழுகுவர்த்தியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் வச்சது ஒண்ணு" என்றார் அப்பா. "மிச்சம் ரெண்டும் யாரு வேலை?"

"என்னோடது ஒண்ணுப்பா" என்றாள் அக்கா.

"இன்னொண்ணு நான்தான் வச்சேன்" என்றாள் அம்மா. "அதுக்கு இப்ப என்ன? அது சரி, உங்களோடது மட்டும் தானாவே அவன் துண்டுல போய் விழுந்துச்சாக்கும்?"

அப்பா காதைச் சொறிந்தார். மேஜையில் சிந்திய துகள்களை ஒன்றுவிடாமல் கூட்டி அள்ளினார். "கண்ணை மூடிக்கிட்டுத்தான் மாத்தினேன்" என்றார். "ஒரு கண்ணை."

"அப்பா, எனக்கு..." என்று ஆரம்பித்த தம்பிக்கு வாயிலிருந்த ரொட்டி விக்கிக்கொண்டது. அக்காவுக்குச் சந்தோஷத்தில் அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"கேக்கவே வேணாம், தெரியும்" என்று அப்பா எழுந்தார். "போய் நல்ல சட்டையா ஒண்ணு மாட்டிக்கிட்டு வா. எதிர்க்கடைக்கு இப்பவே போயிடலாம். நாளைக்குன்னா என் வாய் மறுபடி முடியாதுன்னுடும்."