நிலக்சியின் மேசைக்குக் கீழே

நிலக்சியின் எட்டு மணித்தியாலங்கள் பறிபோய் இன்றோடு பத்தொன்பது நாள். சனி ஞாயிறைச் சேர்க்கவில்லை.

விடிய ஐந்து மணிக்குப் பாடசாலையின் பின்கதவைத் திறந்தேன். நவம்பர் கடைசி வெள்ளிக்கிழமை. சைக்கிளின் பிடியில் கையுறை ஒட்டிப்போயிருந்தது. வாளியில் சுடுநீர் பிடித்துச் சவர்க்காரம் ஊற்றினேன். அதன் நெடி மூக்கில் ஏறித் தொண்டையில் தங்கியது. ஒரு வகுப்பறைக்குப் பன்னிரண்டு நிமிடம். கூட்டி, மொப் பிடித்து, பலகை துடைத்து, குப்பை கட்ட வேண்டும். நாலாவது அறையில் விரல் வெடிப்புகள் எரியத் தொடங்கும். ஏழாவது அறையில் எரிவு தெரியாது.

இரண்டாம் வகுப்பில் இருபத்திரண்டு மேசைகள். பிள்ளைகள் வீட்டுக்குப் போகும்போது கதிரைகளை மேசைமேல் கவிழ்த்துவிட்டுப் போவார்கள். நிலக்சியின் கதிரை மட்டும் இப்போதெல்லாம் கீழேயே நிற்கிறது. அதைத் தூக்கு என்று அவளுக்குத் தனியாகச் சொல்ல ஆள் இல்லை.

மேசைக்குக் கீழே குனிந்து பார்த்தேன். ஒக்டோபர் வரை அங்கே பென்சில் சீவல் கிடக்கும். அழிறப்பர் தூள், கிழிந்த தாள் துண்டு, ஒரு நாள் பாதி கடித்த கரட். பத்தொன்பது நாளாக ஒன்றுமில்லை. பாடசாலை முழுவதிலும் துப்புரவான இடம் அதுதான்.

நான் யாழ்ப்பாணத்தில் பௌதிகம் படித்தவள். ஒரு பொருள் அசைந்தால் தேய்வு இருக்கும். தேய்வு இல்லையென்றால் அது அசையவில்லை.

இந்தப் பாடசாலையில் உதவிக்கு மூன்று படி. முதற்படியில் வகுப்பாசிரியர் வகுப்புக்குள்ளேயே கொஞ்சம் கூடுதலாகப் பார்ப்பார். இரண்டாம் படியில் நாலைந்து பிள்ளைகளைக் கிழமையில் இரண்டு தரம் தனி அறைக்குக் கூட்டிப்போவார்கள். மூன்றாம் படியில் ஒரு பிள்ளைக்கு ஒரு ஆள், கிழமைக்கு எட்டு மணித்தியாலம். நிலக்சி மூன்றாம் படியில் இருந்தாள். அந்த ஒரு ஆள் நான். விடியப்புறம் நிலம் துடைத்து, கை கழுவி, மேலங்கியை மாற்றிக்கொண்டு எட்டு மணிக்கு அவளுக்குப் பக்கத்தில் இருப்பேன்.

நிலக்சிக்கு எட்டு வயது. ஜக்கெற்றைக் கழற்று, கொளுக்கியில் கொழுவு, புத்தகத்தை எடு என்று மூன்றையும் சேர்த்துச் சொன்னால் முதலாவதைச் செய்துவிட்டு நிற்பாள். ஜக்கெற் கையில் இருக்கும். நான் அட்டைகளில் படம் வரைந்தேன். ஒன்றைச் செய்து முடித்ததும் அந்த அட்டையைக் கவிழ்ப்பாள். மே மாதம் ஒரு காலை, என் முகத்தைப் பார்க்காமலே மூன்றையும் கவிழ்த்தாள். ஓகஸ்டில் நாலு சொல் உள்ள ஒரு வரியை டேனிஷில் வாசித்தாள்.

ஒக்டோபர் இறுதியில் நகரசபையான கொம்யூனிலிருந்து ஒரு தாள் வந்தது. உளவியலாளரின் பரீட்சையில் எழுபதுக்குக் கீழே எடுத்தவர்களுக்கு மட்டுமே இனி மூன்றாம் படி. நிலக்சி செப்டெம்பரில் எழுபத்துநாலு எடுத்திருந்தாள். அதே தாளின் கீழ்ப்பாதியில் இன்னொரு முடிவு. துப்புரவுப் பெண்கள் ஏழு பேர் டிசம்பரிலிருந்து ஐந்து பேர். அறைக்கு எட்டு நிமிடம்.

நடைபாதையில் தங்கராணி அக்கா வாளியோடு வந்தா. மட்டக்களப்பு. தேவராசா அண்ணை இறைச்சித் தொழிற்சாலையில் பின்னேர வேலைக்குப் போகும்போது மகள் நிலக்சியை இவவிடம்தான் விட்டுவிட்டுப் போவார்.

"புள்ள நேத்தும் சாப்பாட்டுப் பெட்டியத் திறக்கல்லகா. ஜக்கெற்றோடயே இருந்திருக்கு. கழுத்தெல்லாம் வேர்க்குரு."

நான் மொப்பைப் பிழிந்தேன்.

"ஏழு மணிக்குச் சங்கத்துக் கிர்ஸ்டன் கன்டீனுக்கு வரச் சொன்ன. நீ வருவாதானே?"

"வாறன் அக்கா."

"என்னத்தையோ விழுங்கிப்போட்டு நிக்காய். ஒரு மாசமாப் பாக்கன்."

வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்கு நடந்தேன். இந்த ஊர் ஓகூஸ் நகரத்திலிருந்து ரயிலில் ஒன்றரை மணித்தியாலம். எட்டுத் தமிழ்க் குடும்பங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுவார்கள். படித்த பிள்ளை என்று நல்ல கதிரையாகப் பார்த்து இருக்க வைத்துவிட்டு, குசினிக்குள் போய்த் தங்களுக்குள் சிரித்துக் கதைப்பார்கள். அறைக்குத் திரும்பினால் பேச ஆளில்லை. நிலக்சியின் மேசைதான் நான் வாய் திறக்கும் ஒரே இடமாக இருந்தது.

பரீட்சையன்று நானே மொழிபெயர்த்தேன். காலையில் வாசலில் தேவராசா அண்ணை நின்றார்.

"ரீச்சர், எப்பிடியாவது பாஸாக்கி விடுங்கோ. தாய் வரேக்க பிள்ளையில குறை எண்டு ஒரு பேப்பர் இருக்கக்கூடாது."

தாய் யோகம்மா யாழ்ப்பாணத்தில். அவவைக் கூப்பிடும் மனு பதினாலு மாதமாகக் கோப்பன்ஹேகனில் கிடந்தது. தமிழரின் மனுக்கள் எல்லாமே அங்கே அசையாமல் கிடக்கின்றன என்று சனம் கதைத்தது. ஏன் என்று யாரும் எழுத்தில் சொல்லவில்லை.

உளவியலாளர் மென்மையான மனிதர். "நீ ஒரு யன்னல் கண்ணாடி போல இரு" என்றார். "என் கேள்வி உன்னூடாக அவளிடம் போகட்டும். அவள் பதில் உன்னூடாக வரட்டும்." அவருக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. நிறுத்தற் கடிகாரத்தை அழுத்தினார். நிலக்சி என் முகத்தைப் பார்த்தாள். அவர் கேட்டார், நான் சொன்னேன். அவள் சொன்னாள், நான் சொன்னேன். அவர் எழுதினார்.

பரீட்சை என்றால் சித்தியடைய வேண்டும். அதைத் தவிர வேறெதுவும் எங்களில் யாருக்கும் தெரியாது. குறைய எடுத்தால் உதவி தரும் பரீட்சை ஒன்று உலகத்தில் இருக்கும் என்று யார் நினைப்பார்கள்?

அடுத்த கிழமை தேவராசா அண்ணை ஒரு பெட்டி சொக்கிளேற் கொண்டுவந்து தந்தார். பிள்ளை பாஸ் என்று யோகம்மாவுக்கு அன்றே கடிதம் போட்டார். தாள் வந்த பிறகும் வாசலில் நின்றார். இந்த முறை கையில் ஒன்றுமில்லை.

"பாஸ் எண்டு சொன்னியள். பாஸான பிள்ளையின்ர உதவியை ஏன் ரீச்சர் எடுக்கினம்?"

ஏழு மணிக்குக் கன்டீனில் ஏழு பேரும் இருந்தோம். தங்கராணி அக்கா, துருக்கியப் பெண்கள் இருவர், டேனிஷ்காரிகள் இருவர், நான், எங்கள் தொழிற்சங்கப் பிரதிநிதி கிர்ஸ்டன். மொப்புகளைச் சுவரில் சாத்தியிருந்தோம். மேல்மாடி இன்னும் துடைக்கப்படவில்லை.

ஏழரைக்குக் கொம்யூன் அலுவலர் வந்தார். கழுத்தில் கம்பளிச் சால்வை. கையில் அதே தாள்.

"வேலை நிறுத்தமா?"

"இல்லை. சங்கக் கூட்டம்" என்றாள் கிர்ஸ்டன்.

"எப்போது முடியும்?"

"பேசி முடிந்ததும். நாங்கள் மெதுவாகப் பேசுகிறவர்கள்."

துருக்கியப் பெண்கள் சிரித்தார்கள். அலுவலர் கதிரை ஒன்றை இழுத்து உட்கார்ந்தார்.

"சரி. ஏழு பேரையும் வைத்திருக்க வழி பார்க்கலாம். நிமிடங்களைப் பற்றியும் பேசலாம். ஆனால் அந்தத் தமிழ்ப் பிள்ளையின் விடயம் இதில் வராது. அது கல்விப் பகுதி. துப்புரவு வேலைக்கும் அதற்கும் தொடர்பில்லை."

நான் தங்கராணி அக்காவின் காதில் தமிழில் சொன்னேன்.

"அப்ப நாங்க தப்பினாக் காணுமாம். கேளுகா, அந்தப் புள்ளட மேசைக்குக் கீழ இவர் ஒரு நாளாவது குனிஞ்சு பாத்தவராமா?"

நான் டேனிஷில் சொன்னேன். என் குரல் மேசையைத் தாண்டவில்லை. கிர்ஸ்டன் அதையே உரத்துச் சொன்னாள்.

"மேசைக்குக் கீழே என்ன இருக்கிறது?" என்றார் அவர்.

தங்கராணி அக்கா தனக்குத் தெரிந்த டேனிஷில் தானே பதில் சொன்னா. "ஒன்றுமில்லை. பத்தொன்பது நாள் ஒன்றுமில்லை."

"இரண்டு முடிவும் ஒரே தாளில்தான் இருக்கின்றன" என்றாள் கிர்ஸ்டன். "நீ தாளைப் பாதியாகக் கிழிக்கப் பார்க்கிறாய்."

துருக்கியப் பெண்களில் மூத்தவள் தன் வாளியைக் காலால் இன்னும் தள்ளி வைத்தாள். அது நிலத்தில் உரசிய சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

அலுவலர் பெருமூச்சு விட்டார். "உங்கள் மனம் எனக்குப் புரிகிறது. ஆனால் எண் யாருடைய பக்கமும் நிற்காது. எழுபத்துநாலு. பரீட்சை சரியென்றால் அவளுக்கு அந்த மணித்தியாலங்கள் தேவையில்லை. பிழையென்று யாராவது காட்டட்டும். திரும்ப எடுக்கச் சொல்கிறேன்."

கிர்ஸ்டன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிழையைக் காட்டும் எதுவும் அதில் இல்லையென்று எனக்குத் தெரியும்.

யாழ்ப்பாணத்து ஆய்வுகூடத்தில் முதற் கிழமை எங்களுக்குக் கற்பித்தது ஒன்றுதான். கருவி காட்டுவதை எழுது. நீ விரும்புவதை எழுதாதே. மூன்று வருடம் நான் அதை மீறியதில்லை.

எழுந்து நின்றேன். முழங்கால் மேசையில் இடித்தது. டேனிஷில் மூன்று வசனம் சொன்னேன். அந்நிய மொழியில் சொல்வது லேசாக இருந்தது, வேறு யாரையோ பற்றிச் சொல்வது போல.

அலுவலர் பேனையை மூடினார். "இதற்குப் பிறகு உன்னை மொழிபெயர்ப்புக்குக் கூப்பிட முடியாது. எந்தப் பிள்ளைக்குப் பக்கத்திலும் இருத்த முடியுமோ தெரியாது. விளங்குகிறதா?"

"விளங்குகிறது."

கிர்ஸ்டன் என் பக்கம் திரும்பினாள். அவளுக்குக் கோபம். "முட்டாள்தனம்" என்றாள். பிறகு தன் கதிரையைத் தூக்கிவந்து என் கதிரைக்குப் பக்கத்தில் வைத்து இருந்தாள்.

"பரீட்சை திரும்ப நடக்கும். நீயே சொன்னாய்" என்றாள் அவரிடம். "இவளைப் பற்றி என்ன பேசுவதென்றாலும் ஏழு பேரோடும் சேர்த்துப் பேசு. அதுவரை கூட்டம் முடியாது."

"நான் எந்த வாக்கும் தரவில்லை."

"நாங்களும் மொப்பைத் தொடவில்லை."

அவர் தொலைபேசி இருக்கும் அறைக்குப் போனார். தங்கராணி அக்கா என் கையைப் பிடித்து இழுத்து இருக்க வைத்தா. வெடித்த விரல்கள், அவவுடையதும் என்னுடையதும்.

"நீ வேகமாச் சொன்ன, எனக்கு ஒண்டும் பிடிபடல்ல" என்றா. "என்னத்தச் சொல்லியிருந்தாலும் நான் எழும்ப மாட்டன்."

அப்போது கன்டீன் வாசலில் தேவராசா அண்ணை வந்து நின்றார். அவர் கையைப் பிடித்தபடி நிலக்சி. தொண்டைவரை பூட்டிய சிவப்பு ஜக்கெற். சாத்திவைத்த மொப்புகளையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். நிலக்சி என்னைக் கண்டதும் தகப்பனின் கையை விட்டு வந்து, ஜக்கெற் சிப்பில் கை வைத்து, என் முகத்தைப் பார்த்தாள். நான் சட்டைப்பையிலிருந்து முதல் அட்டையை எடுத்து மேசையில் வைத்தேன். பத்தொன்பது நாளாக அது என் பையிலேயேதான் இருந்தது.

"என்ன ரீச்சர் நடக்குது?" என்றார் அவர். "என்னத்தைச் சொன்னனீங்கள், எல்லாரும் இப்பிடி இருக்கினம்?"

தமிழில் சொல்லவேண்டியிருந்தது.

"அண்டைக்குப் பரீட்சையில விடை சொன்னது பிள்ளை இல்லை, அண்ணை. நான்."