எட்டு லட்சத்தில் இருபதாயிரம் குறைவு

"ஏழு லட்சத்து எண்பதாயிரம்தான் காட்டுது, பாய்."

பெரம்பலூர் கடைத்தெருவில், மாடியில் இருந்த டிராவல்ஸ் ஆபீஸ். ஹுமாயூனின் செல்போனில் பாங்காக் பேங்க் கணக்கை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு ஏஜென்ட் அன்பழகன் அப்படிச் சொன்னதும், அவர் மனைவி சாகிரா முந்திக்கொண்டு கேட்டாள்.

"அதனால என்ன தம்பி? குறையறது இருபதாயிரம்தானே. இன்னிக்கே போட்டுடலாம்."

"போடலாம்மா. ஆனா தாய்லாந்து ரூல் வேற மாதிரி. ரிட்டயர்மென்ட் விசாவை நீட்டிக்கணும்னா எட்டு லட்சம் பாட் அந்த ஊரு பேங்க்ல, பாய் பேர்ல, ரெண்டு மாசம் முழுசா கிடக்கணும். நடுவுல குறைஞ்சா மனுவை வாங்க மாட்டாங்க. இது மார்ச் இருபத்தெட்டாம் தேதியே குறைஞ்சிருக்கு. விசா முடிய ஒன்பது நாள்தான் பாக்கி."

மார்ச் இருபத்தெட்டு. சாகிரா மனதுக்குள் திருப்பிப் பார்த்தாள். நோன்பு இருபத்தேழு. அவர் ஜகாத் கொடுத்த நாள்.

"வேற வழியே இல்லையா?"

"இதை முடிய விட்டுட்டு, புது விசா போட்டு, எல்லாத்தையும் முதல்லேருந்து ஆரம்பிக்கலாம். அலைச்சல்தான். நான் பண்ணித் தரேன்."

"வேணாம்," என்றார் ஹுமாயூன். கொஞ்சம் அவசரமாகவே சொன்னார். போனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்.

சாகிரா அவர் பின்னால் படியிறங்கினாள். கெடுத்தது அவள்தான். அவள் வாய்தான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், பாங்காக் மழையில் மோட்டார் சைக்கிள் சறுக்கி ஆசிப் போய்ச் சேர்ந்தான். அத்தா ஹுமாயூனோடு அங்கே துணிக்கடையில் இருந்த ஒரே பிள்ளை. இருபத்தாறு வயது. சொந்த ஊரான லப்பைக்குடிகாட்டிலிருந்து சாகிரா பாஸ்போர்ட் எடுத்து, விசா வாங்கி, விமானம் ஏறி இறங்கியபோது நாற்பது நாள் ஆகியிருந்தது. அவளுக்குக் கிடைத்தது ஒரு மண்மேடு. அதை விட்டு வரமாட்டேன் என்றாள். முப்பது வருஷச் சம்பாத்தியத்தைத் திரட்டி ஹுமாயூன் அந்த எட்டு லட்சத்தைப் பேங்கில் போட்டார். அவருக்கு ரிட்டயர்மென்ட் விசா, மனைவி என்ற முறையில் அவளுக்கும் ஒன்று. வெள்ளிக்கிழமை தவறாமல் மையவாடிக்குப் போவாள். பிள்ளையின் கபர் பக்கத்தில் உட்கார்ந்து வாரம் முழுக்க நடந்ததைச் சொல்லிவிட்டு வருவாள்.

இந்த வருஷம் நோன்புக்கு ஊருக்கு வந்த இடத்தில்தான் அந்தப் பேச்சு வந்தது.

"ஏங்க, பேங்க்ல கிடக்கற காசையும் சேர்த்துத்தானே ஜகாத் கணக்குப் பார்த்தீங்க? வருஷம் தாண்டின காசு. அதுல ஏழைங்க பங்கு தங்கிடக் கூடாது."

நாற்பதில் ஒரு பங்கு. எட்டு லட்சத்துக்கு இருபதாயிரம். விசா காசிலிருந்தே எடுத்துக் கொடுத்திருக்கிறார். அல்லாஹ்வுக்குப் பயந்து சொன்ன வார்த்தை, பிள்ளைக்கும் தனக்கும் நடுவே சுவராக எழும்பிவிட்டதே.

லுஹர் தொழுகைக்கு ஹுமாயூன் பள்ளிவாசலுக்குப் போனார். சாகிரா அதே தெருவில் இருந்த அசோக்கின் செல்போன் கடையில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தாள். அவர்களுடைய கடைதான். அசோக் வாடகைக்கு இருந்தான்.

"மோர் வாங்கிட்டு வரச் சொல்லட்டுங்களாம்மா? முகமே சரியில்லையே."

"வெயிலு தம்பி. ஒண்ணுமில்லை."

"பாய் இந்தத் தடவை என்னைக் கரும்பாப் பிழிஞ்சுட்டாரும்மா. ஆறு மாச வாடகையை முன்கூட்டியே குடுன்னு நின்னுட்டாரு. ரம்ஜானுக்கு நாலு நாள் முன்னாடி அம்பத்திரெண்டாயிரம் ரொக்கமா எண்ணி வச்சேன். ஜகாத்துங்கறாரு, இல்லைன்னு சொல்ல முடியுமா? வூட்ல எனக்கு ரெண்டு நாள் சோறு கிடைக்கலை."

அவன் சிரித்தான். சாகிரா கணக்குப் போட்டாள். ஐம்பத்திரண்டாயிரம் ரூபாய் என்றால் இருபதாயிரம் பாட். ஜகாத் வாடகைப் பணத்திலிருந்து போயிருக்கிறது. அப்படியானால் பாங்காக் பணத்தைத் தொட்டது எதற்கு?

அகரம்சீகூர் வழியாகப் போகும் பஸ்ஸில் லப்பைக்குடிகாட்டுக்குத் திரும்பினார்கள். வீட்டுக்குள் நுழைந்து, அவர் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டும்வரை சாகிரா பொறுத்தாள்.

"இருபதாயிரம் பாட் எங்கங்க?"

ஹுமாயூன் திரும்பவில்லை. "அனஸ்கிட்ட இருக்கு. பத்திரமா."

முகமது அனஸ் பாங்காக் கடையில் அவருடைய கூட்டாளி.

"அவன்கிட்ட எதுக்குக் குடுத்தீங்க?"

"கணக்குல குறையணும்னு."

சாகிரா அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அவர் சுவரைப் பார்த்தபடியே பேசினார்.

"அந்த மையவாடியில இடம் இல்லை சாகிரா. மூணு வருஷம் தாண்டின கபரைத் திறந்து இன்னொரு மய்யித்தை அடக்கறது அங்க வழக்கம். ஆசிப்பை அடக்கும்போதே சொல்லித்தான் இடம் குடுத்தாங்க. உன்கிட்ட சொல்ல எனக்கு நாக்கு வரலை. இருபதாம் நோன்பு அன்னிக்கு அனஸ் போன் பண்ணினான். அவன் கபர்ல ஒரு சின்னப் பொண்ணை அடக்கிட்டாங்களாம்."

"அதுக்கு?"

"விசா போச்சுன்னா அங்க குடியிருக்க முடியாது, ஊரோட வந்துடலாம். போகலைன்னா உனக்குத் தெரியாது. அவன் அங்க தனியா இருக்கான்னே நெனச்சுக்கிட்டு இருந்துடுவே."

"டிராவல்ஸ் மாடியில உட்கார்ந்து, என் வாயாலதான் போச்சுன்னு நான் உள்ளுக்குள்ள செத்துக்கிட்டு இருந்தேன். நீங்க பார்த்துக்கிட்டே இருந்தீங்க."

"ஆமா."

வெளியே யாரோ சைக்கிளில் மீன் விற்றுக்கொண்டு போனான். அந்தக் குரல் தெருமுனை தாண்டியது.

"டிக்கெட் எப்போ?" என்றாள் சாகிரா.

"புதன் ராத்திரி ஃப்ளைட். அரியலூர்ல ரயில் ஏறி மெட்ராஸ் போகணும். கேன்சல் பண்ணிடறேன்."

"பண்ண வேணாம். வெள்ளிக்கிழமை அங்க இருக்கணும். அதுக்கு இருக்கற விசா போதும்."

"நம்ம மேடு அங்க இருக்காது. கல்லுல வேற பேரு இருக்கும். நீ தாங்க மாட்டே."

"நீங்க ஒத்தையா தாங்கிக்கிட்டு இருந்தீங்கல்ல." "அந்தப் பொண்ணு பேரு என்ன?"

"கேட்கலை."

"அனஸ்கிட்ட கேளுங்க. அவளைப் பெத்தவ வெள்ளிக்கிழமை வருவா. என்னை மாதிரியே உட்கார்ந்து பேசிக்கிட்டு இருப்பா. கீழ எம் புள்ளை இருக்கான்னு அவகிட்ட யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. நான் சொல்லணும். இனிமே வாராவாரம் அவனுக்கும் சேர்த்து ஒரு துஆ கேளும்மான்னு சொல்லிட்டு வந்துடறேன். அப்புறம் இங்கேயே இருந்துக்கறேன்."

ஹுமாயூன் போனை எடுத்தார். அனஸின் நம்பரைத் தேடிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார். போன் கட்டிலில் விழுந்தது. பிள்ளையை அடக்கிய ஜனாஸாவிலும் அழாத மனுஷன், வாய்விட்டு அழுதார்.

சாகிரா அவரைத் தேற்றவில்லை. எழுந்து போய், பக்கத்து வீட்டுக்குக் கேட்காதபடி தெருக்கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.