நாலு நொடி முன்னதாக

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் என் சரக்கு பாதிதான். மீதி, மைதானத்தில் எனக்குப் பக்கத்தில் நின்ற மூக்குக்கண்ணாடிக் கடைக்கார அம்மாவுடையது. நாற்பது வருடமாக நான் உயிரை விட்டுக் கேட்கும் ராக் குழுவை அன்றுதான் நேரில் பார்த்தேன். முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: ‘வானம் கறுத்திருந்தது, கிடார்கள்...’ வேண்டாம். வெயில் சுள்ளென்று அடித்தது.

(நேரில் அந்த அம்மா ‘அவர்’தான். கதைக்குள் வந்துவிட்டதால் ‘அவள்’.)

2

அவளுக்கும் தம்பிக்கும் சிறுவயதில் இருந்தது ஒரே கேசட், இந்தக் குழுவுடையது. ஒருநாள் நாடா சிக்கிக் கசங்கியது. தம்பி கசங்கியதை வெட்டியெறிந்து, மீதியைச் செல்லோடேப்பால் ஒட்டினான். மூன்றாம் பாட்டில் பாடகர் மூச்சுவிடாமல் இழுக்கும் இடத்தில் நாலு நொடி போயிற்று. இருவருக்கும் அந்தப் பாட்டு அப்படித்தான் மனப்பாடம்.

(வீட்டைப் பாகம் பிரித்தபோது இருவருக்கும் நடந்த சண்டையை எழுதி அடித்துவிட்டேன். பதினோரு வருடமாகப் பேச்சில்லை, அது போதும்.)

“இவங்க பாடுறாங்கன்னா அவன் எங்க இருந்தாலும் வந்துருவான்,” என்றாள்.

“வரலன்னா?”

“பாட்டக் கேட்டுட்டுப் போறேன். அதுக்கென்ன.”

சொன்னாளே தவிர, கண் கூட்டத்தைத்தான் துழாவியது.

3

பாடகருக்கு எழுபத்திரண்டு. டிரம்மர் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து மேடையேறினார். உட்கார்ந்து குச்சியை எடுத்ததும் முட்டிவலி போன இடம் தெரியவில்லை. எப்பேர்ப்பட்ட மனிதர்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்.

மூன்றாம் பாட்டு. இழுக்கும் இடம் வந்தது. கிழவருக்கு இப்போது அவ்வளவு மூச்சில்லை. பழைய பதிவை ஓடவிட்டு வாயசைத்திருக்கலாம். அவர் அதைச் செய்யவில்லை. இழுவையைச் சட்டென்று வெட்டி அடுத்த வரிக்குத் தாவினார், குழுவும் கூடவே தாவியது. மைதானமே ஏமாந்துபோய் இன்னும் இழுத்துக்கொண்டிருந்தது. அவரோடு சரியாக அந்த வரிக்குள் நுழைந்தவள் இவள் ஒருத்திதான்.*

* ‘ஒருத்திதான்’ என்றது தவறு. எங்களுக்குப் பின்னால் இன்னொரு குரலும் நுழைந்தது. கட்டையான ஆண்குரல்.

4

முதல் முடிவு: அவள் திரும்புகிறாள், ‘அக்கா’ என்று ஒரு... அடித்துவிட்டேன்.

இரண்டாவது: அது யாரோ ஒருவர், நாடா கசங்காத வீடு ஏது? அதையும் அடித்தாயிற்று.

நடந்தது இவ்வளவுதான். அவர் (இனி ‘அவள்’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை) என் கையை இறுகப் பிடித்தார்.

“பின்னாடி யாருன்னு பாருங்களேன். காதுகிட்ட தழும்பு இருக்கா?”

“நீங்களே பாருங்கம்மா.”

“பயமா இருக்கு. நீங்க பாத்துச் சொல்லுங்க.”

எனக்கும் பயம்தான், நான் திரும்பவில்லை. நீங்கள் எங்களுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறீர்கள். பாட்டில் இன்னும் ஒரு வரிதான் மிச்சம், அவர் என் கையை விடவில்லை. கொஞ்சம் திரும்பிப் பார்த்துச் சொல்லுங்கள்.