நாலாம் கிடங்கின் சராசரி

காலையில் நான் அனுப்பிய தாளில் நாலாம் கிடங்குக்கு நேரேதான் மிகச் சின்ன எண் இருந்தது. அதை நம்பி மேற்பார்வையாளர் அங்கே பெருக்க நாலு பெண்களை அனுப்பினார். அவர்களில் ஒருத்தியும் தலைவியும் என் அக்கா.

எங்களுடையவை தானியக் கிடங்குகள். பூச்சி சாக விஷவாயு விட்டு மூடுவார்கள். பிறகு அது வெளியேறும்வரை, கதவிலுள்ள துளை வழியாக மணிக்கொரு தரம் மீட்டரில் அளப்பார்கள். அளவுக்காரர்கள் எழுதித் தருவதை எக்செல்லில் ஏற்றி, கிடங்குவாரியாகச் சராசரி எடுப்பது என் வேலை. எதில் குறைவோ அதற்குள் ஆள் போகும். இந்த ஏற்பாட்டைச் செய்த புண்ணியவான் யாரோ தெரியாது. எட்டு மாதமாக நானும் வாயைப் பொத்திக்கொண்டு செய்தேன்.

ஒன்பதரைக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து, ஒவ்வொரு கிடங்குக்கும் எத்தனை அளவு எடுத்தீர்கள் என்று கேட்டார்கள். வேண்டாவெறுப்பாக எண்ணினேன். மற்றவற்றில் பன்னிரண்டு எண்கள், நாலாவதில் மூன்றே மூன்று. சோம்பேறிகள் தூங்கியிருப்பார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வரிசையைப் பார்த்தேன். மற்ற ஒன்பது கட்டங்களும் காலியாக இல்லை. ஒவ்வொன்றிலும், கடைசியாக அளந்ததிலும், 'மேல' என்று நானே தட்டி வைத்திருந்தேன்.

மீட்டரின் கடைசி எண்ணையும் தாண்டிவிட்டால் அளவுக்காரர்கள் 'மேல' என்று எழுதுவார்கள். அது அவர்கள் வழக்கம். எழுதியதை அப்படியே ஏற்றுவது என் வழக்கம். சராசரி எடுக்கும்போது எக்செல் எழுத்தைச் சீண்டாது, எண்களை மட்டும் எடுத்துக்கொள்ளும். விஷம் மிக அதிகமாக இருந்த ஒன்பது மணி நேரமும் கணக்கிலேயே சேரவில்லை.

கிடங்குக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. மேற்பார்வையாளர் போனை எடுக்கவில்லை, அவர் எடுத்தால்தான் அதிசயம். செருப்புகூட மாட்டாமல் ஓடினேன்.

நாலாம் கிடங்கின் கதவு ஆள் நுழையுமளவு திறந்திருந்தது. உள்ளே துடைப்பச் சத்தமே இல்லை. என்னைப் படிக்க வைத்தவள் அக்கா. அவள் முகத்தை இனிமேல் எப்படிப் பார்ப்பேன், பார்ப்பேனா என்றெல்லாம் மனம் அடித்துக்கொண்டது.

"அக்கா, வெளிய வா. எல்லாரையும் கூட்டிட்டு உடனே வா." என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

மூட்டை அடுக்குக்குப் பின்னாலிருந்து இருமிக்கொண்டே வந்தாள். பின்னால் மூன்று பேர். எண்ணிப் பார்த்தேன், நாலு பேரும் வந்துவிட்டார்கள்.

"என்னடி, வீடு கீடு பத்திக்கிச்சா?"

கதவைச் சாத்தி, அவர்களைக் காற்றாட மைதானத்துக்கு இழுத்துப் போய், அங்கேயே உட்கார்ந்து அழுதேன். மூன்று எண்களையும் ஒன்பது 'மேல'யையும் அழுகையோடு சொல்லி முடித்தேன். அக்கா என் தோளை அணைத்துப் பிடித்திருந்தாள். நன்றாகத் திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டவில்லை.

போன மாதம் அக்காவின் கூட்டத்தில் எல்லாரும் வாயாடி என்று கூப்பிடும் பெண் இரண்டாம் கிடங்கில் மயங்கி விழுந்தாள். வெயில்தான் காரணம் என்றோம். உயிர் பிழைத்தவளுக்கு இன்னும் பேச்சு வரவில்லை.

"வாயாடி விழுந்த அன்னைக்கும் நீதான சராசரி போட்டே?" என்றாள் அக்கா.

ஆமாம் என்று தலையாட்டினேன். அவள் என் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.